தங்க வயலில் தண்ணீர் சுமந்தோர்

பத்தாந் தரத்து வகுப்பொன்றில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் குடிபெயர்வுகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். கலிபோர்னியா, விக்டோரியா, கிளொண்டைக் என்று பெயர்களைக் கரும்பலகையில் எழுதி, தங்கம் என்ற ஒரு சொல்லைக் கேட்டு இலட்சக்கணக்கானோர் எப்படிக் கடல் கடந்தார்கள் என்று விளக்கினேன். பின்வரிசையில் இருந்த ஒரு மாணவன் எழுந்தான். அவனுடைய வாப்பா அப்போது கட்டாரில் வேலையில் இருந்தார்.

"ஸேர், தங்கம் தேடிப் போன எல்லாருக்கும் தங்கம் கெடச்சிச்சா?"

பெரும்பாலானோருக்குக் கிடைக்கவில்லை என்று சொல்லி அவனை உட்கார வைத்தேன். மணியடித்து வெளியே வந்த பிறகு அந்தப் பதில் பாதிப் பதில் என்று பட்டது. தங்கம் கிடைக்காதவர்களில் இரு சாரார் உண்டு. தோண்டியும் கிடைக்காதவர்கள் ஒரு சாரார். தோண்டவே விடப்படாதவர்கள் மறு சாரார். இந்த இரண்டாவது சாராரில் நம் கவனத்துக்குரிய ஒரு கூட்டம் மேற்கு அவுஸ்திரேலியாவின் பாலைநிலத்தில் இருந்தது. தொழுகைக்கு நேரம் பார்த்து ஒட்டகங்களை நிறுத்தியவர்கள். அவர்களைப் பற்றித்தான் இக்கட்டுரை.

அவுஸ்திரேலியாவின் தங்கக் கதை 1851 இல் தொடங்குகிறது. அவ்வாண்டு நியூ சவுத் வேல்ஸிலும் அடுத்து விக்டோரியாவிலும் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டது. பத்தே ஆண்டுகளில் விக்டோரியாவின் சனத்தொகை சுமார் 77,000 இலிருந்து 5,40,000 அளவுக்கு ஏறியது. தங்கம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் மாதம் 30 சிலிங் அனுமதிக் கட்டணம் என்று அரசு வசூலித்தது. கட்டணம் கட்டாதவர்களைப் பொலிசார் வேட்டையாடிப் பிடித்தனர். இதற்கெதிராக பலரட் நகரின் யுரேகா என்னுமிடத்தில் சுரங்கத் தொழிலாளர்கள் மரவேலி கட்டி நின்றார்கள். 1854 டிசம்பர் 3 ஆம் திகதி அதிகாலையில் படையினர் அதைத் தாக்கினர். இருபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர் உயிரிழந்தனர். ஆயினும் அடுத்த ஆண்டே அவர்கள் கேட்டது கிடைத்தது. மாதாந்தக் கட்டணம் ஒழிந்து, ஆண்டுக்கு ஒரு பவுண் செலுத்திப் பெறும் 'மைனர்ஸ் ரைட்' என்ற சுரங்க உரிமைப் பத்திரம் வந்தது. அதை வைத்திருப்பவர் நிலத்தில் முளையடித்து உரிமை கோரலாம், வாக்கும் அளிக்கலாம்.

அவுஸ்திரேலிய சனநாயகம் யுரேகாவில்தான் பிறந்தது என்று அந்நாட்டார் பெருமையாகச் சொல்வதுண்டு. அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அதே 1855 ஆம் ஆண்டிலேயே விக்டோரியா அரசு தன் துறைமுகங்களில் வந்திறங்கும் ஒவ்வொரு சீனருக்கும் பத்துப் பவுண் வரி விதித்தது. வரியைத் தவிர்ப்பதற்காகக் கப்பல்கள் சீனர்களைத் தெற்கு அவுஸ்திரேலியாவின் ரோப் என்ற சிறு துறையில் இறக்கிவிட்டன. அங்கிருந்து நானூறு கிலோமீற்றருக்கு மேல், காவடித் தடியில் மூட்டை கட்டி, அவர்கள் நடந்தே தங்க வயல்களுக்குப் போனார்கள். 1856 தொடக்கம் 1858 வரை இவ்வாறு நடந்தவர்கள் பதினையாயிரத்துக்கும் மேற்பட்டோர். இரத்தம் சிந்திப் பெற்ற உரிமையைப் பக்கத்தில் நிற்பவனுக்கு மறுப்பதில் அன்றைய தொழிலாளிக்குக் கூச்சம் எதுவும் இருக்கவில்லை. நாற்பதாண்டுகளின் பின் கண்டத்தின் மறுகோடியில் நடந்ததை விளங்கிக்கொள்ள இது தெரிந்திருக்க வேண்டும்.

1892 செப்டெம்பரில் ஆர்தர் பெய்லி என்பவர் சதர்ன் குறொஸ் என்ற ஊரிலிருந்த அதிகாரியிடம் குதிரையில் வந்து 554 அவுன்ஸ் தங்கத்தைக் கொட்டி உரிமை பதிந்தார். நம்மூர்ப் பெண்கள் கணக்கில் சொன்னால் இரண்டாயிரம் பவுணுக்கு மேல். அவரும் வில்லியம் போர்ட் என்ற கூட்டாளியும் அதை எடுத்த இடம் கூல்கார்டி. பேர்த் நகருக்குக் கிழக்கே ஐந்நூற்றைம்பது கிலோமீற்றர் தொலைவில், ஆறும் குளமும் இல்லாத ஒரு காடு. அடுத்த ஆண்டு ஜூன் மாதம் அயர்லாந்துக்காரரான பெடி ஹன்னனும் இரு தோழரும் அதற்கப்பால் நாற்பது கிலோமீற்றர் தூரத்தில் இன்னொரு வயலைக் கண்டனர். அதுவே கல்கூர்லி. 1891 இல் சுமார் 50,000 பேர் வாழ்ந்த மேற்கு அவுஸ்திரேலியாவில் 1901 இல் 1,84,000 பேர் இருந்தனர். கிழக்குக் குடியேற்றங்களில் வங்கிகள் முறிந்து வேலை போயிருந்த காலம் அது. மெல்பேர்ணிலும் சிட்னியிலும் கடையைப் பூட்டியவர், பண்ணையை இழந்தவர், எழுதுவினைஞர் எல்லோரும் கப்பலேறினார்கள்.

அவர்களுள் ஒருவரைப் பற்றி நாம் கொஞ்சம் கூடுதலாகப் பேசலாம், ஏனெனில் அவர் நம் நாட்டிலிருந்து போனவர். டேவிட் கார்னெகி என்பது பெயர். ஸ்கொட்லாந்துப் பிரபுவான சவுதெஸ்க் ஏர்ளின் மகன். பொறியியற் கல்லூரியில் படிப்பை முடிக்காமல், தேயிலைத் தோட்டமொன்றில் வேலை பழக இலங்கைக்கு அனுப்பப்பட்டார். மலைநாட்டு வாழ்க்கை சில மாதங்களிலேயே அவருக்குச் சலித்துவிட்டது. ஐரோப்பாவிலிருந்து சூயஸ் வழியே வந்த தபாற் கப்பல்கள் கொழும்பைத் தொட்டு அல்பனித் துறைக்குச் சென்ற காலம். 1892 இல் ஒரு நண்பருடன் கார்னெகி அல்பனியில் இறங்கியபோது ஊரே கூல்கார்டி, கூல்கார்டி என்று கொதித்துக்கொண்டிருந்தது. இருபத்தொரு வயது இளைஞர், சுரங்கத் தொழில் துளியும் அறியாதவர். ஆயினும் அவர் ஒரு பத்திரம் வாங்கி, மண்வெட்டியுடன் போய், எந்த நிலத்திலும் முளையடிக்கலாம். அடித்தார். சில ஆண்டு அலைச்சலின் பின் ஒரு சுரங்கத்தை விற்றுப் பணமும் பார்த்தார்.

இதே கடலை வேறொரு மூலையிலிருந்து கடந்தவர்களும் இருந்தார்கள். கராச்சித் துறைமுகத்தில் ஒட்டகங்களுடன் ஏறியவர்கள். அவர்களை எல்லோரும் 'ஆப்கானியர்' என்றார்கள், பின்னர் சுருக்கி 'கான்' என்றார்கள். உண்மையில் கந்தஹாரிலிருந்தும் காபூலிலிருந்தும் வந்தவர்கள் ஒரு பகுதியினரே. பெஷாவர்ப் பட்டாணியர், பலூச்சியர், சிந்தியர், பஞ்சாபியர் என்று பலரும் அந்த ஒரு பெயருக்குள் அடக்கப்பட்டனர். இலங்கையில் 'மூர்' என்று போர்த்துக்கேயர் நமக்கு இட்ட பெயரைப் பற்றி நம்மவர் எழுதிய பக்கங்களை நினைத்துக்கொண்டேன். வெள்ளையர் பெயரிடுவதில் எங்கும் சிக்கனக்காரர்தான்.

அவுஸ்திரேலியாவுக்கு ஒட்டகம் முதலில் வந்தது தங்கத்துக்காக அல்ல. 1860 இல் பேர்க், வில்ஸ் என்போரின் உள்நாட்டு ஆய்வுப் பயணத்துக்காக இரண்டு டசின் ஒட்டகங்களும் அவற்றை நடத்தத் தெரிந்த சிலரும் மெல்பேர்ணில் இறக்கப்பட்டனர். பிறகு 1866 அளவில் தோமஸ் எல்டர் என்ற பெருஞ்செல்வர் நூற்றுக்கு மேற்பட்ட ஒட்டகங்களையும் முப்பது ஆட்களையும் தெற்கு அவுஸ்திரேலியாவுக்குக் கொணர்ந்து, அங்கே ஒட்டகப் பண்ணை தொடங்கினார். தந்திக் கம்பம் நட்டதும், கம்பளி மூட்டை இறக்கியதும், உள்நாட்டுப் பண்ணைகளுக்கு மாவும் சீனியும் சேர்த்ததும் அவர்கள்தாம். எழுபது ஆண்டுகளில் இவ்வாறு வந்த ஒட்டகக்காரர் 2,000 தொடக்கம் 4,000 வரை இருக்கலாம் என்றும், ஒட்டகங்கள் 20,000 வரை இருக்கலாம் என்றும் ஆய்வாளர் மதிப்பிடுகின்றனர். பெரும்பாலோர் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் வந்தவர்கள். மனைவி மக்களை அழைத்துவர வழியில்லை. மூன்றாண்டு உழைத்து, காசு சேர்த்து, ஊர் திரும்ப வேண்டும் என்பதே எண்ணம். இந்த எண்ணத்தை நம் கிராமங்களில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

கூல்கார்டிக்கு அவர்கள் ஏன் தேவைப்பட்டார்கள்? தண்ணீர்தான் காரணம். தங்கம் இருந்த நிலத்தில் குடிக்கத் தண்ணீர் இல்லை. நிலத்தடியில் இருந்ததெல்லாம் உவர். உப்பு ஏரிகளின் நீரை விறகு எரித்துக் காய்ச்சி, ஆவியைக் குளிர வைத்துக் கலன் கணக்கில் விற்றார்கள். வறட்சியில் ஒரு கலன் தண்ணீரின் விலை சிலிங் கணக்கில் ஏறியது. தங்கம் கிடைக்காதவன் தங்கம் தேடுவதை விட்டுவிட்டுத் தண்ணீர் காய்ச்சி விற்றுப் பிழைத்ததும் உண்டு. குளிப்பதென்பது கனவு. கழிவு கலந்த நீரால் நெருப்புக் காய்ச்சல் பரவி, வந்த இளைஞர்களில் ஏராளமானோர் அங்கேயே புதைக்கப்பட்டனர்.

1894 வரை புகையிரதம் சதர்ன் குறொஸ்ஸைக்கூட எட்டவில்லை. எட்டிய பின்னும் அங்கிருந்து கூல்கார்டிக்கு இருநூறு கிலோமீற்றருக்குக் கிட்டிய மணற்பாதை. குதிரை வண்டிக்காரர் ஏற்றிய சுமையில் கணிசமான பங்கு குதிரைகளுக்கான வைக்கோலும் தண்ணீருமே. அவை தின்று குடித்தது போக மிஞ்சியதைத்தான் விற்க முடியும். ஒட்டகம் அப்படியல்ல. வழியிலுள்ள புதரைத் தின்னும், நாட்கணக்கில் நீரின்றி நடக்கும், முந்நூறு நானூறு கிலோ சுமக்கும், பாதை கேட்காது. குதிரை வண்டிக்கும் ஒட்டகத்துக்கும் கூலியில் போட்டி போட முடியாமற் போனது. இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் எழுந்த வெறுப்புக்கு நிறமும் மதமும் காரணம் என்பது உண்மை. ஆனால் அதற்குக் கீழே ஒரு கூலிக் கணக்கும் கிடந்தது.

ஒட்டகக்காரரின் நாள் இருளில் தொடங்கும். சுபஹுத் தொழுகை முடித்து, இரவில் மேய அவிழ்த்துவிட்ட ஒட்டகங்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். முன்னங்கால்கள் பிணைக்கப்பட்டிருந்தாலும் ஒட்டகம் ஓர் இரவில் பல மைல் போய்விடும். பிடித்து வந்து மண்டியிட வைத்து, இருபக்கமும் எடை சமமாக மூட்டை ஏற்ற வேண்டும். ஒரு பக்கம் கூடினால் முதுகு புண்ணாகும். புண்ணான ஒட்டகம் ஒரு மாதத்துக்கு உதவாது. சேணத்தை அவர்களே தைத்தார்கள். ஒன்றன் மூக்கணையிலிருந்து முன்னதன் சேணத்துக்குக் கயிறு கட்டி, முப்பது நாற்பது ஒட்டகங்களை ஒரே வரிசையாக நடத்துவார்கள். ஒட்டகக்காரர் நடந்தே போவார். மாவுச் சாக்கு, தண்ணீர்த் தொட்டி, தபாற் பை, சுரங்க இயந்திரங்களின் இரும்புப் பாகங்கள், தகரம், சாராயப் பீப்பாய் எல்லாம் அந்த முதுகுகளில் ஏறின. தாம் தொடாத சாராயத்தையும் தாம் தோண்ட முடியாத சுரங்கத்துக்கு இயந்திரத்தையும் அவர்கள் சுமந்தார்கள். ஊரில் விற்ற டின் இறைச்சி அவர்களுக்கு ஆகாது. தாமே அறுத்ததையே உண்டனர்.

தோண்ட முடியாத என்று சொன்னேன். யுரேகாவில் உயிர் கொடுத்துப் பெற்ற அந்த மைனர்ஸ் ரைட் மேற்கு அவுஸ்திரேலியச் சட்டத்தில் எவ்வாறு வந்தது தெரியுமா? 1886 ஆம் ஆண்டுத் தங்கவயற் சட்டம் புதிய வயல்களில் ஆரம்ப ஆண்டுகளில் ஆசியரையும் ஆபிரிக்கரையும் விலக்கிவைத்தது. 1895 ஆம் ஆண்டுச் சட்டம், ஆசிய, ஆபிரிக்க அந்நியருக்கு அந்தப் பத்திரமே வழங்கலாகாது என்று கதவை முற்றாகச் சாத்தியது. எனவே இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து சலிப்படைந்து வந்த பிரபு மகன் வந்தவுடன் முளையடிக்கலாம். அவருக்கு முன்பே அந்தக் கண்டத்தின் உள்நாட்டை நடந்து அளந்த பெஷாவர்க்காரர், காலடியில் தங்கக் கட்டி தட்டுப்பட்டாலும் குனிந்து எடுத்து உரிமை கோர முடியாது. தங்க வயலில் அவருக்குச் சட்டம் விட்டுவைத்த தொழில் ஒன்றுதான். அது சுமப்பது.

சுமப்பதையும் பொறுக்காதவர்கள் இருந்தனர். 'கூல்கார்டி மைனர்' என்ற பத்திரிகையின் ஆசிரியராக இருந்தவர் பிரெடரிக் வொஸ்பர். வரலாற்றில் எனக்குப் பெரிய புதிராகப்படும் மனிதர்களில் இவரும் ஒருவர். குயின்ஸ்லாந்தில் தொழிலாளர் வேலைநிறுத்தக் காலத்தில் கலகத்தைத் தூண்டியதாக 1892 இல் சிறை சென்றவர். சிறையில் தன் தலைமயிரை வெட்டிவிட்டார்கள் என்ற கோபத்தில், இனி வாழ்நாளில் மயிர் வெட்டுவதில்லை என்று சபதமெடுத்து, தோளில் புரளும் கூந்தலுடன் திரிந்தவர். ஏழைத் தொழிலாளிக்காக நெஞ்சில் ஈரமுள்ளவர்தான், அதில் ஐயமில்லை. ஆனால் அந்த ஈரம் ஒட்டகக்காரன் வரை நீளவில்லை. 1894 இல் கூல்கார்டியில் ஆப்கானியருக்கு எதிரான சங்கம் எழுந்தபோது அதன் முன்னணிக் குரல் அவருடையது. அவர்கள் நீர்நிலைகளை அசுத்தப்படுத்துகிறார்கள், பாதையை மறிக்கிறார்கள், வெள்ளையரின் கூலியைக் குறைக்கிறார்கள் என்பனவே குற்றச்சாட்டுகள்.

நீர்நிலை விவகாரம் அவ்வாண்டே இரத்தத்தில் முடிந்தது. தங்க வயலுக்குச் செல்லும் பாதையிலிருந்த ஒரு நீர்க்குழியில் ஒட்டகக்காரர் கால் கழுவினார்கள் என்று வெள்ளையர் சிலர் தகராறு செய்தனர். கைகலப்பு மூண்டது. வெள்ளையர் ஒருவர் துப்பாக்கியால் சுட்டார். இருவர் மீது குண்டு பாய்ந்து உயிர் போனது. சுட்டவர் விசாரிக்கப்பட்டார். குற்றவாளி அல்லர் என்று விடுவிக்கப்பட்டார்.

இந்தச் சம்பவத்தைப் படித்த நாளிலிருந்து அது என்னை விட்டுப் போகவில்லை. கால் கழுவியது வுழுவுக்காகத்தானா, அல்லது நாள் முழுக்க மணலில் நடந்த காலுக்கு ஆறுதலாகவா? தண்ணீர் இல்லாத இடத்தில் தயம்மும் போதும் என்பதும், இருக்கும் தண்ணீர் குடிக்க வேண்டியதாக இருந்தால் அப்போதும் தயம்மும் ஆகும் என்பதும் நம் மத்ரஸாப் பிள்ளைகளுக்கும் தெரியும். பாலையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? அதேவேளை மற்றப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். சிலிங் கொடுத்துக் கலன் தண்ணீர் வாங்கும் ஊரில், நெருப்புக் காய்ச்சலில் தோழனைப் புதைத்துவிட்டு வந்தவன், குடிநீரில் பிறர் கால் படுவதைக் கண்டால் கொதிப்பான். அது இயல்பு. ஆனால் அந்தக் கொதிப்பு, குதிரையைக் குழியில் இறக்கி நீர் காட்டிய வெள்ளையன் மீது துப்பாக்கியாகத் திரும்பியிருக்குமா என்பதே கேள்வி.

குழிகளின் உடைமை பற்றி இன்னொரு விடயமும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் நம்மவருக்காக மட்டும் வழக்காடியவனாவேன். அந்த நீர்க்குழிகள் வெள்ளையருடையவையும் அல்ல, ஒட்டகக்காரருடையவையும் அல்ல. பாறைகளில் இயற்கையாக அமைந்த பொழிகளை அந்நிலத்தின் ஆதிக்குடிகள் தலைமுறை தலைமுறையாகப் பேணி வந்தார்கள். நீர் ஆவியாகாமலும் மிருகம் விழாமலும் கல்லாலும் கிளையாலும் மூடிவைத்தார்கள். ஒரு குடும்பம் அளந்து குடித்து ஒரு பருவத்தைக் கடக்கும் நீர் அது. தாகமெடுத்த ஒட்டகம் ஒரே தடவையில் நூறு லீற்றர் உறிஞ்சும். நாற்பது ஒட்டகங்கள் வந்து போன குழியில் பிறகு என்ன மிஞ்சும்? தங்கம் தேடி வந்தவர்களும் அவர்களுக்குச் சுமந்து வந்தவர்களும் சேர்ந்துதான் அந்த மக்களைத் தாகத்துக்கு ஆளாக்கினார்கள்.

நம் கார்னெகி இதில் ஒரு படி மேலே போனவர். சுரங்கம் விற்ற பணத்தில் 1896 ஜூலையில் கூல்கார்டியிலிருந்து ஒன்பது ஒட்டகங்களுடன் வடக்கே ஹோல்ஸ் கிறீக் வரை பாலைவனத்தைக் கடந்து, பின்னர் திரும்பியும் நடந்தார். வழியில் ஆதிக்குடிகளைப் பிடித்துக் கட்டி, உப்பிட்ட இறைச்சியைத் தின்னக் கொடுத்து, தாகம் தாங்காமல் அவர்களே நீர்க்குழிக்கு வழிகாட்டும்படி செய்தார். இதைத் தன் நூலில் அவரே மறைக்காமல் எழுதியிருக்கிறார். அந்தப் பயணத்தில் புதிய தங்கமும் கிடைக்கவில்லை, மாடு ஓட்டிச் செல்லப் பாதையும் கிடைக்கவில்லை. 1900 இல் நைஜீரியாவில் நச்சு அம்பு பட்டு, முப்பது வயதை எட்டுமுன் இறந்தார்.

சுமந்தவர்களிலும் உயர்ந்தவர்கள் இருந்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். கந்தஹாரைச் சேர்ந்த பைஸ் முஹம்மது, தாஜ் முஹம்மது என்ற சகோதரர்கள் கூல்கார்டியில் நூற்றுக்கணக்கான ஒட்டகங்களுடன் பெரும் போக்குவரத்து வணிகம் நடத்தினார்கள். அந்நாட்டு ஆவணங்கள் தம்பியின் பெயரை 'டாக்' என்று எழுதுகின்றன. பத்திரிகைகள் எவ்வளவு தூற்றினாலும் சுரங்கக் கம்பனிகள் அவர்களிடந்தான் சரக்கை ஒப்படைத்தன. வெள்ளையரின் சங்கம் செய்ய முடியாததை ஒரு சகோதர முஸ்லிம் செய்தார். 1896 ஜனவரியில், கூல்கார்டிப் பள்ளிவாசலில் தொழுகையில் இருந்த தாஜ் முஹம்மதுவை அவ்வினத்தவர் ஒருவரே சுட்டுக்கொன்றார். கொன்றவர் அவ்வாண்டே பிரிமான்டில் சிறையில் தூக்கிலிடப்பட்டார். தாஜ் முஹம்மது கூல்கார்டி மையவாடியில் அடக்கப்பட்டார். அந்நிய மண்ணில் நம்மவர் ஒற்றுமையாய் இருந்தார்கள் என்று எழுதுவது எனக்கும் விருப்பமானதே. ஆனால் அடிபடுகிறவர்கள் எல்லோரும் ஒன்றாக நிற்பார்கள் என்பதற்கு வரலாற்றில் உத்தரவாதமில்லை.

அந்தப் பள்ளிவாசலைக் கல்லாலும் சுண்ணாம்பாலும் ஆனது என்று எண்ண வேண்டாம். தகரமும் மரமும் கொண்டு எழுப்பிய எளிய கட்டடம். 1898 இல் கூல்கார்டியில் 300 முஸ்லிம்கள் இருந்தனர். ஜும்ஆவுக்குச் சராசரியாக 80 பேர் வந்தனர். மீதிப்பேர் எங்கே என்று கேட்டால், பாதையில். ஒட்டகத்தோடு பாலையில் இருப்பவர்க்கு ஏது ஜும்ஆ? ஊருக்கு வெளியே, வெள்ளையர் வீதிகளுக்கு அப்பால், அவர்களுடைய தகரக் குடில்கள் இருந்தன. 'கான் டவுன்' என்று பெயர். எங்கெல்லாம் தங்கினார்களோ அங்கெல்லாம் பேரீச்சை நட்டார்கள். உழைத்த காசைச் சேர்த்து அடிலெயிட் நகரில் 1880களின் முடிவிலும், பேர்த் நகரில் 1905 இல் அடிக்கல் நாட்டியும் கல்லாலான பள்ளிவாசல்களை எழுப்பினார்கள். அவ்விரண்டிலும் இன்றும் தொழுகை நடக்கிறது.

இவ்விடத்தில் ஒரு சிறு விலகல். தங்க வயல் அல்லாத, வெள்ளியும் ஈயமும் எடுத்த புரோக்கன் ஹில் என்ற ஊரிலும் ஒட்டகக்காரரின் தகரப் பள்ளியொன்று எஞ்சியுள்ளது. அங்கே பாதுகாக்கப்பட்டிருந்த ஒரு பழம் நூலை நெடுங்காலம் குர்ஆன் பிரதி என்றே நம்பி அவ்வாறே குறிப்பெழுதி வைத்திருந்தனர். சமியா காத்தூன் என்ற வரலாற்றாசிரியர் அதைத் திறந்து பார்த்தார். அது கல்கத்தாவில் 1895 இல் அச்சான வங்காளச் செய்யுள் நூல், 'கசசோல் அம்பியா', அதாவது நபிமார்களின் சரிதை. அரபுத்தமிழில் நபிமார் சரிதையை இராகமிட்டு ஓதிக் கேட்ட மரபு நமக்கும் உண்டல்லவா? அவுஸ்திரேலியப் பாலையில் மாலை நேரத்தில் யாரோ ஒருவர் அதைப் பாட, வங்காளம் தெரிந்தவரும் தெரியாதவரும் சுற்றியிருந்து கேட்டிருக்கக் கூடும் என்று நினைத்துப் பார்க்கிறேன். உடல் உழைப்பாளிகள் என்று மட்டும் எழுதப்பட்டவர்கள் மூட்டையில் ஐந்நூறு பக்கக் கவிதையையும் சுமந்தார்கள் என்பது, நம்போன்ற எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி.

அவர்களுடைய காலம் நீண்டதல்ல. 1896 மார்ச்சில் புகையிரதம் கூல்கார்டிக்கு வந்தது, செப்டெம்பரில் கல்கூர்லிக்கு. ஒட்டகங்கள் புகையிரதம் போகாத தொலைவயல்களுக்கு நகர்ந்தன. 1903 ஜனவரியில் பேர்த் மலைகளிலிருந்து ஐந்நூறு கிலோமீற்றருக்கு மேல் நீளமான குழாய் வழியே நன்னீர் வந்து சேர்ந்தது. அத்திட்டத்தை வகுத்த பொறியியலாளர் ஓ'கொனர், விமர்சனம் தாங்காமல், அது நிறைவேறுவதற்குப் பத்து மாதங்களுக்கு முன் தன்னுயிரை மாய்த்துக்கொண்டார். மேலோட்டமாய்க் கிடந்த தங்கம் தீர்ந்து, ஆழச் சுரங்கம் இலண்டன் கம்பனிகளின் கைக்குப் போயிற்று. 1897 இல் அத்தகைய கம்பனியொன்றின் சார்பில் வந்த இருபத்திரண்டு வயதுப் பொறியியலாளர் ஹேர்பர்ட் ஹூவர் பிற்காலத்தில் அமெரிக்க ஜனாதிபதியானார். அவரும் வயல்களைப் பார்க்க ஒட்டகத்தில்தான் அலைந்தார், அந்தப் பிராணியை அவருக்குப் பிடிக்கவே இல்லை.

1901 இல் அவுஸ்திரேலியா ஒரே நாடானது. புதிய பாராளுமன்றம் முதலில் நிறைவேற்றிய சட்டங்களில் ஒன்று குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டம். வருபவர் ஐம்பது சொற்கள் கொண்ட ஒரு பந்தியை அதிகாரி விரும்பும் ஓர் ஐரோப்பிய மொழியில் சொல்வதெழுத வேண்டும். ஆங்கிலம் தெரிந்தவனுக்கு வேறொரு மொழியில் சொல்லலாம், ஆகவே தோல்வி நிச்சயம். மாணவர்களுக்குச் சொல்வதெழுதல் வைக்கும் போதெல்லாம் இது என் நினைவுக்கு வரும். 1903 ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆசியாவில் பிறந்தவர் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்கவும் முடியாது. முப்பதாண்டு அங்கே உழைத்தவர் உம்மாவைப் பார்க்க ஊருக்குப் போனாலும் திரும்பிவர முன்கூட்டியே விலக்குப் பத்திரம் எடுக்க வேண்டும். அதில் முன்முகமும் பக்கமுகமுமாகப் புகைப்படம், மறுபுறத்தில் மையில் தோய்த்து ஒற்றிய உள்ளங்கை. இந்தப் பத்திரங்கள் ஏராளமாக அந்நாட்டுச் சுவடிகள் காப்பகத்தில் இருக்கின்றன. தலைப்பாகையுடன் நேரே பார்க்கும் அந்த முகங்களில் பலவற்றுக்கு நம்மிடமுள்ள ஒரே படம், அவர்களைத் திரும்ப விடலாமா கூடாதா என்று பார்ப்பதற்காக எடுத்ததுதான்.

1920களில் மோட்டார் லொறி வந்து ஒட்டகத்தின் தொழிலை முடித்தது. தெற்கு அவுஸ்திரேலியா 1925 இல் கேட்பாரற்ற ஒட்டகங்களை அழிக்கச் சட்டம் செய்தது. வளர்த்த கையால் சுட மனமில்லாதவர்கள் இரவோடிரவாக அவிழ்த்துப் பாலைக்குள் துரத்திவிட்டனர். அவற்றின் வழித்தோன்றல்கள் பெருகி, 2009 தொடக்கம் 2013 வரையான ஒரு திட்டத்தில் மட்டும் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டவை அழிக்கப்பட்டன. ஆட்களில் பலர் ஊர் திரும்பினர். சிலர் ஆதிக்குடிப் பெண்களையும் வெள்ளைப் பெண்களையும் மணந்து தங்கினர். 1890 அளவில் பிரிமான்டிலில் இறங்கிய பலூச்சியரான பேஜா தர்வேஷ், 1896 இல் கல்வேர்ட் ஆய்வுப் பயணத்தின் ஒட்டகங்களைப் பெரும் பாலைவனத்தின் ஊடாக நடத்திச் சென்றவர். அப்பயணத்தில் வெள்ளையர் இருவர் தாகத்தால் மாண்டனர். தலைவர் வெல்ஸ் தன் திசைகாட்டியை பேஜாவுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். அவர் மறீ என்ற ஊரில் பேரீச்சை வளர்த்து, 1957 வரை வாழ்ந்தார்.

மறுவாரம் அந்த மாணவனை அழைத்து இவற்றில் பாதியைச் சொன்னேன். "அப்ப கிண்டவும் உடாட்டி அவங்க என்னத்துக்குப் போன?" என்றான். ஊரில் கிடைக்காத கூலி அங்கே கிடைத்தது என்றேன். அவனுக்கு அது உடனே விளங்கிவிட்டது.

கூல்கார்டியில் இன்று ஆயிரம் பேரும் இல்லை. கல்கூர்லி இன்றும் தங்கம் எடுக்கும் நகரம். அதன் பிரதான வீதி ஹன்னன் வீதி. வழமைக்கு மாறாக மிக அகலமானது. ஒட்டக வரிசையொன்று நடுவீதியிலேயே திரும்பிக்கொள்ள வேண்டும் என்பதற்காக அவ்வளவு அகலம் விட்டார்களாம். அவ்வீதியில் பெடி ஹன்னனின் சிலை இருக்கிறது. அமர்ந்த நிலையில், கையில் ஒரு தண்ணீர்ப் பையுடன். பையின் வாயில் குழாய் பொருத்தியிருக்கிறார்கள். போகிறவர் வருகிறவர் அதில் தண்ணீர் குடிக்கலாம்.